உரப்பையில் படுத்துப் பார்த்த ஜீப்

2024 ஒக்ரோபர் மாதம் முழுக்க நான் இரண்டு வேலைதான் செய்தேன். பகலில் தண்ணிப் பம்பு திருத்தினேன். இரவில் போனில் ஜீப் விளம்பரம் பார்த்தேன். எல்லா ஜீப்பும் இல்லை, சுசுக்கி எஸ்.ஜே. 410 மட்டும். தெரியாத ஆக்களுக்காகச் சொல்கிறேன்: முன்னுக்கு இரண்டு வட்ட லைற்றோடு தீப்பெட்டி மாதிரி நிற்குமே, அதுதான். எண்பதுகளில் வந்த சாமான். 970 சி.சி. பெற்றோல் எஞ்சின், நாலு கியர், நாலு சில்லுக்கும் லீப் ஸ்பிரிங். பாரம் குறைவு என்றபடியால் பெரிய ஜீப்புகள் தாழுகிற சேற்றிலும் இது மேலால் ஊர்ந்து போய்விடும். இந்தியாவில் மாருதி ஜிப்சி என்று ஓடினது இதின்ர கூடப்பிறந்தது.

உனக்கு எதுக்கடா ஜீப் என்று கேட்கிற ஆக்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. நானும் சிநேகிதனும் கிளிநொச்சியில் இருந்துகொண்டு சோலார் பம்பு பூட்டியும் திருத்தியும் குடுக்கிறோம். வேலை கூடுதலாக ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, துணுக்காய் பக்கத்துத் தோட்டங்களில். பிரதான றோட்டு காப்பெற் போட்டுச் சோக்காக இருக்கும். அதை விட்டு இறங்கின பிறகு வாற நாலைந்து கிலோமீற்றர்தான் எங்கட தலைவிதி. மாரியில் மோட்டச் சைக்கிளில் ஒருவர் ஓட, பின்னுக்கு இருக்கிறவர் மடியில் கன்ட்ரோலர் பெட்டியையும் தோளில் பைப்பையும் வைத்துக்கொண்டு தவம் செய்ய வேண்டும். ஒருதரம் சறுக்கி விழுந்து ஒரு கன்ட்ரோலர் சேற்றுத் தண்ணிக்குள் போனது. அது எங்கள் இரண்டு பேரின் ஒரு மாத உழைப்பு.

சொல்லாத பதில் வேறு. 2008 செப்ரெம்பரில் ஐ.நா.வும் மற்ற நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளிக்கிட்டபோது எனக்குப் பத்து வயது. போக வேண்டாம் என்று சனம் கூடி நின்று கேட்டது நினைவிருக்கிறது. ஆனால் அப்பாவின்ர சைக்கிள் பாரில் இருந்துகொண்டு நான் பார்த்தது சனத்தை இல்லை, வாகனங்களை. வெள்ளை நிறம், நீளமான அன்ரெனா, உயரமான ரயர். குழியோ வெள்ளமோ அது பாட்டுக்குப் போய்விடும். அதுக்குப் பிறகு வந்த மாதங்களில் நாங்கள் நடந்த இடமெல்லாம் அந்த ரயர்கள் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தன. இருபத்தாறு வயதில் நான் தேவைக்கு ஜீப் தேடினேனா ஆசைக்குத் தேடினேனா என்று பிரித்துச் சொல்ல என்னால் இப்பவும் ஏலாது.

காசு விசயம் இதுதான். நான் சேர்த்தது பதினொரு லட்சம். அம்மாவின்ர சீட்டு மூன்று. சிநேகிதன்ர பங்கு மூன்று. மொத்தம் பதினேழு. 2020 மார்ச்சில் இருந்து வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. புது வாகனம் நாட்டுக்குள் வராதபடியால் பழசுக்கெல்லாம் நகை மாதிரி விலை. என்னை விட வயது கூடின ஜீப் வருசத்துக்கு வருசம் விலை ஏறிக்கொண்டிருந்தது. இவ்வளவு பழைய வாகனத்துக்கு லீசிங்கும் லேசில் கிடையாது. ஆகவே பதினேழு என்றால் பதினேழுதான். வாங்குறதும் அதுக்குள், திருத்துறதும் அதுக்குள்.

முதலாவதாகப் பார்க்கப் போனது யாழ்ப்பாணத்தில். கடும் பச்சை நிறம், புதுப் பெயின்ற், ரயருக்குக் கூடக் கறுப்பு பூசி வைத்திருந்தார்கள். கேட்ட விலை பதினேழே கால். சந்தையில் போன விலையை விட மூன்று நாலு லட்சம் குறைவு. குறைவாக இருந்தபடியால் எனக்குச் சந்தோசம், அப்பாவுக்குச் சந்தேகம். அப்பா பஸ்ஸில் வரும்போதே ஒரு பை கொண்டு வந்தார். அதுக்குள் ஒரு வெறும் உரப்பை, சின்னச் சுத்தியல், நீட்டுக் கம்பி, ரோச், பழைய ஸ்பீக்கரில் கழற்றின காந்தம் ஒன்று. காந்தத்தைப் பெயின்ற் கீறாதபடி சாரத் துணியால் சுற்றியிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதிரி ஒரு பை.

புரோக்கர் அண்ணை நல்ல கதைகாரன். “தம்பி, ஒரே ஆள் வச்சு ஓடினது. வன்னிக்குள்ள ஒரு கமக்காரன்ர. கடல் காத்தே பட்டிருக்காது.” நான் எஞ்சினை ஸ்ராட் பண்ணிப் பார்த்தேன், ஸ்ரியறிங்கைப் பிடித்துப் பார்த்தேன், கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். அப்பா எஞ்சின் பக்கமே போகவில்லை. கதவுகளின் அடி ஓரமாகக் காந்தத்தை நகர்த்திக்கொண்டு போனார். கதவின் நடுவில் ‘டப்’ என்று ஒட்டின காந்தம் அடிக்கு வந்ததும் கையை விட்டு விழுந்தது. மற்றக் கதவிலும் அதே இடம். பின் மட்காட்டுக்கு மேலும் அதே கதை.

கராஜ்களில் கட்டலோய் என்று சொல்லுவார்கள். ஓட்டையை, நெளிவை நிரப்பி, தேய்த்து, மேலால் பெயின்ற் அடிக்கிற பசை. காய்ந்தால் கல்லு மாதிரி. காந்தத்துக்கு அது தெரியாது, இரும்பைத்தான் தெரியும். “எல்லா வாகனத்திலயும் கொஞ்சம் கட்டலோய் இருக்கும் ஐயா” என்றார் புரோக்கர். அதுவும் உண்மைதான்.

பேந்து அப்பா பின்பக்கத்து றபர் விரிப்பைத் தூக்கினார். தகரத்தில் புதுச் சாம்பல் பெயின்ற். ஆனால் மூலைக்குள், போல்ட்டுக்குப் பக்கத்தில், மூன்று செதில் ஒட்டிக் கிடந்தது. மீன் செதில். பெயின்ற் அடித்தவர் அதுக்கு மேலாலேயே அடித்திருக்கிறார். அப்பா நகத்தால் ஒன்றைக் கிளப்பி உள்ளங்கையில் வைத்துப் புரோக்கரிடம் நீட்டினார்.

“தோட்டத்தில மீனும் விளைஞ்சதோ தம்பி?”

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

கடற்கரையில் நிற்கிற வாகனத்துக்கு உப்புக் காற்றுப் படும். மீன் ஏத்துற வாகனத்துக்கு அதை விட மோசம். பெட்டியில் இருந்து ஐஸ் உருகி, உப்பும் இரத்தமும் கலந்த தண்ணி நாள் முழுக்கத் தகரத்தில் ஊறும். விரிப்புக்குக் கீழே போனால் வெயிலும் காயவிடாது. இரும்பு கறள் பிடிக்க ஈரமும் ஒட்சிசனும் காணும். அந்த ஈரத்தில் உப்புக் கலந்தால் மின்சாரம் கடத்துகிற தண்ணியாகி, அதே வேலை பல மடங்கு விரைவாக நடக்கும். இன்னொரு விசயம், கறள் இரும்பை விடக் கனக்க இடம் பிடிக்கும். அதனால்தான் பெயின்ற் கொப்புளம் போடுகிறது. வெளியில் ஒரு கொப்புளம் தெரிந்தால், அது உள்ளுக்கிருந்து வெளியில் வந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா உரப்பையை விரித்துக் கீழே போய்ப் படுத்தார். கொஞ்சம் பொறுத்து என்னையும் கூப்பிட்டார். சசி முழுக்கக் கறுப்புத் தார் மாதிரி ஒன்று தடிப்பாகப் பூசிக் கிடந்தது, பளபளவென்று. தார் பூசி மறைக்கிறது எங்கட ஆக்களுக்கும் புதுசில்லை. 1957இல் வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ வந்து, அதுக்கு எதிராகத் தமிழ்ப் பகுதிகளில் பஸ்களில் இருந்த அந்த எழுத்துக்கு மேல் தார் பூசின கதையை அப்பப்பா சொல்லுவார். (1958 எப்படி முடிந்தது என்பது வேறு கதை.) இந்தத் தார் அரசியல் தார் இல்லை, வியாபாரத் தார். அப்பா சுத்தியலால் தட்டினார். முன்பக்கம் ‘ணங்’ என்று மணி மாதிரிக் கேட்டது. பின் ஸ்பிரிங் கொழுவுகிற இடத்தில் ‘தொப்’. திரும்பத் தட்டினார். தாரும் அதுக்குக் கீழ் இருந்த இரும்பும் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக என் முகத்தில் விழுந்தது.

இந்த ஜீப்புகளில் பொடி வேறு, சசி வேறு. ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டம், அதுக்கு மேல் போல்ட் போட்டு இருத்தின தகரப் பெட்டி. பெட்டி உக்கினால் வெட்டி எறிந்துவிட்டு வேறு தகரம் ஒட்டலாம். சட்டம் உக்கினால் வாகனமே அதுதான். சசி பெட்டி வடிவக் குழாய் என்றபடியால் உள்ளுக்குள் சேறு அடைத்து, ஈரம் நின்று, உள்ளிருந்து தின்னும். வெளியால் பார்க்க ஒன்றும் தெரியாது. லான்ட் ரோவரின் பொடி அலுமினியம், கறள் பிடிக்காது என்று பெருமையாகச் சொல்லுவார்களே, அதிலும் இதே சங்கதிதான். யுத்தம் முடிந்த பிரித்தானியாவில் உருக்குத் தட்டுப்பாடு. அதனால் 1948இல் அலுமினியத்தில் பொடி செய்தார்கள், ஆனால் சசி உருக்குத்தான். மேலே பளபளவென்று இருக்கும், கீழே சசி இரண்டாக முறியத் தயாராக இருக்கும்.

இவ்வளவும் கண்டபிறகும், உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தப் பச்சை ஜீப் வேணும் போலதான் இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவோடு சண்டை. “உக்கின இடத்தை வெட்டி ஒட்டினாச் சரிதானே?”

“ஒட்டுறதுக்கு இரும்பு வேணும்” என்றார் அப்பா. பிறகு ஆனையிறவு வரும் வரைக்கும் ஒன்றும் பேசவில்லை.

அப்பாவுக்குக் கறளைப் பற்றித் தெரிந்தது கராஜில் படித்ததில்லை. எங்களிடம் ஒரு லான்ட்மாஸ்ரர் இருந்தது. 2009இல் அதையும் விட்டுவிட்டுத்தான் வந்தோம். 2011இல் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வெளியில் வாகனங்களைக் குவித்து வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அப்பா போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சைக்கிள், மோட்டச் சைக்கிள், ரக்ரர், வான், எல்லாம் ஒரே நிறம். பெயின்ற் எது, எரிந்தது எது என்று தெரியாது. அப்பா பேரைப் பார்த்தோ இலக்கத்தைப் பார்த்தோ தேடவில்லை. தான் ஒருக்கா ஒட்டின கைபிடி ஒட்டு எங்கே என்று தேடினார். கண்டுபிடித்தார். எஞ்சின் இல்லை. கைபிடியை விரலால் அமத்தினார், விரல் உள்ளே போனது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வா போவம் என்றார். இதை அவர் வீட்டில் கதைத்ததே இல்லை. நானும் இப்பதான் எழுதுகிறேன்.

இரண்டாவது ஜீப் மல்லாவியில். விளம்பரத்தில் வந்ததில்லை, ஒரு கிணத்துக்குப் பம்பு பூட்டப் போன இடத்தில் பக்கத்து வளவில் கண்டது. புளியமரத்துக்குக் கீழே, இலைக் குப்பைக்குள், முன் சில்லு இரண்டும் காற்றுப் போய் நின்றது. வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். இப்போது மண்ணிறமும் வெள்ளையும் கலந்து மாடு மாதிரி. பின்தளத்தில் என் தலை அளவுக்கு ஓட்டை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓட்டைக்குள்ளால் ஒரு கோழி நடந்து போவது தெரிந்தது.

வீட்டுக்கார அன்ரியின் கணவர் போன வருசம் தவறிவிட்டார். அவருடைய ஜீப். அன்ரி புரோக்கர் மாதிரி இல்லை. அவவே பொனற்றைத் திறந்து, “தம்பி, ரெண்டாம் கியர் துள்ளும், கையால பிடிச்சுக்கொண்டு ஓடோணும். மழைக்கு முன் கண்ணாடியால தண்ணி வரும். இவர் கால்ல ஷொப்பிங் பாக் போட்டுக்கொண்டுதான் ஓடுவார்” என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டா. புத்தகத்தில் முந்தின சொந்தக்காரரின் விலாசம் வெலிமடை. மலைநாட்டு மரக்கறித் தோட்டத்து வாகனம். மழை கனக்கக் கண்டிருக்கும், கடல் கண்டிராது.

அப்படியானால் பின்தளம் மட்டும் ஏன் இப்படிப் போனது? அப்பா அன்ரியிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “உரம் ஏத்தினவையோ?” ஓம், வெலிமடையிலும் ஏத்தினது, இங்கேயும் ஏத்தினது. பொட்டாஷ் உரமும் ஒரு உப்புத்தான், குளோரைட். பை கிழிந்து கொட்டினது தகரத்தில் ஈரத்தோடு கிடந்தால் கடல் தண்ணி செய்கிற வேலையை அதுவும் செய்யும். ஆனால் கொட்டினது தளத்தில், சசியில் இல்லை. அப்பா உரப்பையோடு ஒன்றரை மணித்தியாலம் கீழே கிடந்தார். கம்பியை ஓட்டைகளுக்குள் விட்டுக் கிண்டினார். விழுந்தது கறுத்தக் காய்ந்த மண், கறள் தகடு இல்லை. தட்டின இடமெல்லாம் மணி. வலது பின் ஸ்பிரிங் கொழுவி மட்டும் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி குழியாக இருந்தது. அதை மட்டும் பத்துத் தரம் தட்டியிருப்பார். சத்தம் சரி, ஆனால் பார்க்க மனம் வரவில்லை. பொடியைச் சசியோடு இருத்துகிற இடங்களில் பின்னுக்கு இரண்டு முற்றாக உக்கல். சசி இலக்கத்தைத் துணியால் துடைத்து, ரோச் அடித்துப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். அந்த இலக்கத்துக்கு மேல் கறளோ ஒட்டோ இருந்தால் பேர் மாற்றுவது சீவன் போகிற வேலை. இன்னொன்று, புத்தகம் ஏற்கெனவே அன்ரியின் பேருக்கு மாறியிருந்தது. செத்தவர் பேரில் இருந்திருந்தால் நாங்கள் அன்றைக்கே திரும்பியிருப்போம்.

கேட்ட விலை பதினைந்தரை. கிளிநொச்சியில் ரிங்கர் வேலை செய்கிற பாஸ் ஒருவரை மூவாயிரம் குடுத்துக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினோம். சுற்றிப் பார்த்துவிட்டு, பின்தளம், முன் கால்மாடு, கண்ணாடிச் சட்டத்தின் அடி, கதவு இரண்டின் அடி, பெயின்றோடு மூன்றே கால் என்றார். சொல்லி முடிக்க முன்னமே, “ஆனா தம்பி, கழட்டினாத்தான் மிச்சம் தெரியும்” என்றார். பழைய வாகனம் வாங்கப் போகிற யாரும் இந்த வசனத்தை ஒரு தொகையாக மாற்றி எழுதி வைக்க வேண்டும். நான் ஒரு லட்சம் என்று எழுதினேன்.

இப்போது சண்டை சிநேகிதனோடு. அவன் டிமோ பட்டா வாங்கச் சொன்னான். இந்தக் காசுக்கு நல்ல நிலையில் ஒன்று எடுக்கலாம், பனல்களையும் ஏத்தலாம், டீசல். ஜீப்பில் நாலு பனல் ஏத்தினால் முன்சில்லு தூக்கும் என்றான். “மச்சான், வருசத்தில மூண்டு மாசம்தானடா சேறு” என்றான். பதிலுக்குக் கத்துறதை விட்டுவிட்டு பில் புத்தகத்தை எடுத்து எண்ணுவம் என்று முடிவெடுத்தோம். முந்தின பன்னிரண்டு மாதத்தில் 142 பயணம். அதில் மழைக்குள், சேற்றுப் பாதையால் போனது 38. போக முடியாமல் தள்ளிப் போட்டது 11. அந்தப் பதினொன்றில் நாலு பேர் வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள்.

“38க்காகப் பதினேழு லட்சமோ?” என்றான். எனக்கு 38 பெரிதாகத் தெரிந்தது, அவனுக்குச் சின்னதாக. ஒரே இலக்கம்தான். புதுசு பூட்டுற வேலை மாதத்துக்கு இரண்டு மூன்றுதான், அதுக்குப் பட்டாவை வாடகைக்கு எடுக்கலாம், திருத்த வேலைக்கு ஜீப்பை வைத்திருக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். கணக்குப் போட்டால் அது மோசமில்லை. ஆனால் அந்தக் கணக்கை நான் ஜீப்பில் ஆசைப்பட்ட பிறகுதான் போட்டேன் என்பது அவனுக்கும் தெரியும். கடைசியில், “சசி நல்லம் எண்டு உங்கட அப்பா சொன்னா நான் மூண்டு போடுறன். நீ சொல்லுறதுக்குப் போட மாட்டன்” என்றான்.

அப்பா நல்லது என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. “பதின்மூண்டுக்குக் கிட்ட தந்தா எடு. பதினஞ்சரைக்கு எண்டா விடு.”

அன்ரிக்குப் பேரம் பேச வராது. விலையைச் சொன்னது கனடாவில் இருக்கிற மகன். வீடியோ கோலில் எடுத்துத் தந்தா. என்னை விட ஏழெட்டு வயது கூடின ஆள், வேலைக்குப் போக முன் விடியற்காலை, பின்னால் ஜன்னலில் இருட்டு. நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஜீப்பைச் சுற்றி நடந்தேன். அண்ணை, இதைப் பாருங்கோ, கதவின்ர அடி. இதைப் பாருங்கோ, கண்ணாடிச் சட்டம். கறளில் விரலை வைத்து அழுத்திக் காட்டினேன். விலையைக் குறைக்க வேண்டும் என்றால் பழுது காட்டத்தான் வேண்டும். வியாபாரம் அப்படித்தான். பின்தளத்து ஓட்டைக்கு மேல் போனைப் பிடித்தபோது அந்தப் பக்கம் சத்தம் இல்லை. லைன் போட்டுது என்று நினைத்தேன்.

“அதில இருந்துதான் நான் பள்ளிக்கூடம் போனது” என்றார். “நான் வெளிக்கிடேக்க வெள்ளையா நிண்டது.”

எனக்கு அடுத்ததாகக் காட்ட இருந்தது உக்கின பொடிக் கால்கள். காட்டுவதா விடுவதா என்று தெரியாமல் நின்றேன். அப்பா வந்து போனை என் கையிலிருந்து வாங்கினார். “தம்பி, உங்கட அப்பா சசிய நல்லா வச்சிருந்திருக்கிறார். எஞ்சினும் குறை சொல்லேலாது. மேல்தகரம்தான் போட்டுது, அது உரத்தால வந்தது. நாங்கள் திருத்தி ஓடத்தான் கேக்கிறம், உடைச்சு விக்க இல்லை” என்றார். விலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மகன்தான், எவ்வளவு குடுப்பியள் ஐயா என்று கேட்டார். பதின்மூன்றே காலில் முடிந்தது.

அப்பா சொன்னது முழுக்க உண்மை. ஆனாலும் அதைச் சொன்ன நேரம் எனக்கு இப்பவும் உறுத்துகிறது. அது ஆறுதலா, பேரமா? அப்பாவிடம் கேட்டேன். “ரெண்டும்தான்” என்றார்.

ஜீப்பை லொறியில் ஏத்திக் கிளிநொச்சிக்குக் கொண்டு வந்து கராஜில் விட்டோம். பாஸ் பின்தளத்தை வெட்டி எடுத்த கிழமைதான் 2024 நவம்பர் கடைசி மழை. வடக்கு முழுக்க வெள்ளம். மூன்று தோட்டத்திலிருந்து பம்பு தண்ணிக்குள் போய்விட்டது என்று கோல். எந்தச் சேற்றுக்காக ஜீப் வாங்கினோமோ அந்தச் சேறு வந்தபோது ஜீப் தளம் இல்லாமல் கட்டைக்கு மேல் நின்றது. நானும் சிநேகிதனும் மோட்டச் சைக்கிளில் போனோம், பிறகு அதையும் விட்டுவிட்டு நடந்து போனோம். அவன் வழி முழுக்க ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

கழட்டினாத்தான் தெரியும் என்ற பாஸ் கழட்டிக் காட்டினார். கால்மாட்டுக்குப் பக்கத்தில் உள்தகரமும் போய்விட்டது. குழி விழுந்த ஸ்பிரிங் கொழுவியைக் கிரைண்டரால் தேய்த்துப் பார்த்ததில் உள்ளே இரும்பு இருந்தது, பாதுகாப்புக்கு ஒரு பிளேற் வைத்து ஒட்டினார். எல்லாமாக மூன்று தொண்ணூறு. நான் எழுதி வைத்த ஒரு லட்சத்தில் அறுபத்தைந்தாயிரம் போனது. மொத்தம் பதினேழே கால் வரைக்கும் இழுத்ததால் பேர் மாற்றுகிற செலவுக்கு அம்மாவிடம் திரும்பவும் கை நீட்டினேன். அந்தப் பச்சை ஜீப்பின் விலையும் பதினேழே கால்தான் என்று தங்கச்சி ஞாபகப்படுத்தினாள்.

ஒட்டி முடிந்த தகரத்துக்கு றெட் ஒக்சைட் அடித்த பிறகு, சசிக் குழாய்க்குள் பழைய எஞ்சின் ஓயிலை விசிற வேண்டும் என்று அப்பா நின்றுகொண்டார். ஊரில் பழைய ஆக்கள் செய்கிற வேலை, ஈரத்தை அண்ட விடாது. ஓயில் றபர் புஷ்களைக் கெடுக்கும் என்று பாஸ் சொன்னார், அதுவும் சரி. றபர் இருக்கிற இடங்களைப் பொலித்தீனால் கட்டிவிட்டு விசிறினார்கள். இரண்டு நாள் கராஜ் முழுக்க ஓயில் சொட்டினது, பாஸ் எங்களோடு கதைக்கவில்லை. புதுத் தளத்தில் தண்ணி வடிய நாலு துளை வேண்டும் என்றதும் அப்பாதான். இவ்வளவு காசு குடுத்து அடைத்த தகரத்தில் திரும்ப ஓட்டையா என்று சிநேகிதன் கேட்டான். துளை இல்லாதபடியால்தான் முந்தின தளம் போனது என்று அப்பா குனிந்து காட்டினார். கம்பனி போட்ட துளைகளை ஆரோ ஒருக்கா தார் வைத்து அடைத்திருக்கிறார்கள்.

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதியைத் திரும்பத் திறந்தார்கள். கொஞ்சம் பொறுத்திருக்கலாமோ என்று ஒரு கிழமை நித்திரை இல்லை. வரியோடு வந்த விலைகளைப் பார்த்த பிறகு நித்திரை வந்தது.

அன்ரிக்கு வேலை முடிந்த ஜீப்பின் படம் அனுப்பினேன். மகனுக்கும் அனுப்பச் சொன்னா. நிறம் வெள்ளைதான் அடித்தோம். வேறு நிறம் அடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது, கேட்கவில்லை. அவர் படத்துக்கு ஒரு இதயம் போட்டார், அதுக்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை.

இரண்டாம் கியர் இன்னும் துள்ளும். முன் கண்ணாடியின் வலது மூலையால் தண்ணியும் வருகிறது, சட்டத்தை மாற்றியும் நிற்கவில்லை. நாளைக்கு முத்தையன்கட்டில் ஒரு பம்பு, பின்னேரத்திலிருந்து மேகம் கறுத்துக் கிடக்கிறது. சிநேகிதன் பழைய துவாய் ஒன்றைக் கொண்டு வந்து முன் சீற்றில் போட்டுவிட்டுப் போய்விட்டான்.